வெள்ளிக்கிழமை வெளியே வந்த வழும்பு

ஏழு கண்மாய் தாண்டி, எட்டாவது கண்மாய் எங்கே போச்சுன்னு யாரும் கேட்காத காலத்திலே, வெள்ளூரணின்னு ஒரு ஊர் இருந்ததாம். ஊருக்கு ஒரு ஆலை இருந்ததாம். ஆலைக்கு நடுவிலே ஒரு கோபுரம் இருந்ததாம். கோபுரத்துக்குள்ளே சாமி இல்லை, தண்ணீர்தான் இருந்ததாம்.

மக்காச்சோளத்தை அரைத்து மாவாக்கி, மாவைக் காய்ச்சிப் பாகாக்கி, மூட்டையிலும் டின்னிலும் அடைத்து அனுப்புகிற ஆலை அது. காய்ச்சுகிற இடமெல்லாம் சூடு. அந்தச் சூட்டைக் குழாய் குழாயாக நுழைந்து வாங்கிக்கொண்டு வருகிற தண்ணீர், கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, பலகை பலகையாகச் சிதறி விழுந்து, சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, அடித்தொட்டியில் ஆறி நின்று, மறுபடியும் சூடு வாங்கப் புறப்படும். கோபுரத்தின் மண்டையில் சுற்றுகிற விசிறிகள் நீர்ச்சாரலைப் புகைபோல வெளியே தள்ளும். அந்தச் சாரல் காற்றடிக்கிற பக்கம் போகும். காற்றடிக்கிற பக்கத்தில் மூட்டை கட்டுகிற ஷெட் இருந்தது, ஷெட்டில் அறுபது பேர் இருந்தார்கள், அறுபது பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெதுவெதுப்பான தண்ணீர், நாள் முழுக்க வெயில், எங்கோ ஒரு குழாயின் ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிகிற சர்க்கரைப் பாகு. இவ்வளவு உபசாரம் கிடைத்தால் எதுதான் வளராது? வழும்பு வளர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் கூடி, தங்களைச் சுற்றித் தாங்களே ஒரு கொழகொழப்பைக் கட்டிக்கொண்டு, அதற்குள் குடித்தனம் நடத்துகிற சமாச்சாரம்தான் வழும்பு. மேலே மருந்து ஊற்றினால் மேலே இருப்பது சாகும், அடியில் இருப்பது போர்வையை இழுத்து மூடித் தூங்கும். அதனால் மருந்தை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும், நேரத்தையும் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும், போர்வையைக் கரைக்கிற சரக்கையும் சேர்த்து ஊற்ற வேண்டும். இதெல்லாம் தண்ணீர் லேபில் வேலை பார்த்த பேச்சிக்கனிக்குத் தெரியும். அவள் வேதியியல் படித்தவள், முப்பத்தெட்டு வயது, அதிர்ந்து பேசமாட்டாள். அதிர்ந்து பேசாதவர்கள் சொல்வதை ஆலைகளில் யாரும் கேட்பதில்லை, அது அங்கே எழுதாத சட்டம்.

எழுதின சட்டம் வேறே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சங்கு ஊதும், கோபுரத்துப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்பதற்காக. ஒன்பதே காலுக்குப் பம்பு வீட்டு வாசலில் தேங்காய் உடைப்பார்கள். மருந்து டிரம்முக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டுவார்கள். ஒன்பதரைக்கு மருந்தை ஊற்றி, பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும் முன்னே டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். பதினோரு மணிக்குப் பேச்சிக்கனி போய்த் தண்ணீர் எடுத்து வந்து, களி பூசின ஒரு பட்டையை அதில் முக்கி, இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் வைத்துப் பார்ப்பாள். கிருமி இருந்தால் பட்டையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி பூக்கும். பத்தொன்பது வருஷமாக அதே வெள்ளி, அதே மணி, அதே மருந்து, அதே தேங்காய்க் கடைத் தேங்காய். மருந்து ஊற்றின கையோடு எடுக்கிற தண்ணீரில் புள்ளி எங்கே இருந்து வரும்? ரிப்போர்ட்டில் எப்போதும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே அவளும் ஒன்பது வருஷமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். வேறு யாரை வேண்டுமானாலும் அவள் மட்டமாக நினைக்கட்டும், அந்தக் கையெழுத்தை நினைக்கிறபோது மட்டும் அவளுக்குத் தன் வலது கையைப் பிடிக்காமல் போய்விடும்.

சித்திரை மாசம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, சங்கு ஊதி முடிக்கும் முன்பே, வழும்பு தொட்டியை விட்டு எழுந்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு கால் வைத்து, மறுகால் வைத்து, இறங்கி, கன்றுக்குட்டி நடக்கிற மாதிரி நிதானம் இல்லாமல் நாலு அடி வைத்து, பிறகு நிதானம் வந்து, தோட்டத்துப் பாதை வழியாக நடந்து போய், கேன்டீன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தது. பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், ஆள் உயரம், முகம் என்று சொல்லத்தக்க ஒரு வழவழப்பு. உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் சொட்டியது. பத்தொன்பது வருஷம் ஒரே நேரத்தில் அடி விழுந்தால் மாடுகூட நகர்ந்து நிற்கும். வழும்பும் நகர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

கேன்டீன் பிரமநாயகம் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“ஏ தாயி, இது உங்க டிபார்ட்மென்ட் ஆளா?”

“எங்க டிபார்ட்மென்ட்தான் அண்ணாச்சி. ஆளு இல்லை,” என்றாள் பேச்சிக்கனி.

“பெஞ்சைத் தொடைக்கிறதுக்கு யாரு வருவா?” என்று மட்டும் அவர் கேட்டார். பிறகு வழும்பைப் பார்த்து, “டீயா, காபியா?” என்றார். வழும்பு தலையாட்டியது. “டீயா?” ஆட்டியது. “காபியா?” அதற்கும் ஆட்டியது. பிரமநாயகம் இரண்டையும் கொடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு, தண்ணீரில் மருந்தின் வீரியம் தீர்ந்த பிறகு, வழும்பு எழுந்து, வந்த வழியே போய், தொட்டிக்குள் இறங்கிக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமையும் சங்கு ஊதியது, தேங்காய் உடைந்தது, வழும்பு வந்து பெஞ்சில் உட்கார்ந்தது.

ஊருக்கு இது பழகுவதற்கு மூன்று வெள்ளி பிடித்தது. முதல் வெள்ளி அதற்குக் காகித டம்ளர், மூட்டை தூக்குகிற ஆட்களுக்குக் கொடுக்கிற அதே டம்ளர். மூன்றாம் வெள்ளி எவர்சில்வர் டம்ளர். ஆறாம் வெள்ளி, ஜி.எம்.மைப் பார்க்க வருகிற விருந்தாளிகளுக்காகப் பூட்டி வைத்திருந்த தங்கக் கோடு போட்ட பீங்கான் கோப்பை வெளியே வந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பத்தொன்பது வருஷமாக மூட்டை தூக்குகிறவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர் கொடுக்க மனசு வராத கேன்டீன், தொட்டிச் சகதிக்கு ஆறு வாரத்தில் பீங்கான் கொடுத்தது. வழும்பு வழும்பர் ஆனதும் அந்த வாரத்தில்தான். ஆடி பிறந்தபோது வழும்பர் ஐயா ஆகிவிட்டது.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. எது சொன்னாலும் அது தலையாட்டியது. ஆட்டுவது தலையே இல்லை, உள்ளே இருக்கிற தண்ணீர் ததும்புகிறது, அவ்வளவுதான் என்று பேச்சிக்கனிக்குத் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து யாரும் தலையாட்டிக் கேட்காத சனங்களுக்கு அது போதுமாயிருந்தது. தொழிற்சங்கச் செயலாளர் இன்னாசி வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, “நாலு வருசமா போனஸ் கேக்கோம், ஐயா. நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்க,” என்பார், தலை ஆடும். அவர் போனதும் ஜி.எம். தனுஷ்கோடி வந்து, “ஆலை இருக்கிற நிலைமையில போனஸ் எங்க கொடுக்க? நியாயமா இல்லையா?” என்பார், தலை ஆடும். இரண்டு பேரும் மனசு குளிர்ந்து போவார்கள். ஆலைக் காலனியிலிருந்து ஒரு மாமியார் வந்து மருமகளைச் சொன்னாள், ஆடியது. மருமகள் வந்து மாமியாரைச் சொன்னாள், ஆடியது. இன்னாசி அதைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்தார். ஜி.எம். தன் அறைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு ஏ.சி.க்குக் கீழே உட்கார வைத்தார். வெள்ளூரணி ஆலையில் அத்தனை ஒற்றுமை அதற்கு முன்னே இருந்ததில்லை. ஒரு சகதிக்கு முன்னால் முதலாளி பக்கமும் தொழிலாளி பக்கமும் கைகட்டி நின்ற அழகைப் பார்க்கப் பேச்சிக்கனிக்கு இரண்டு கண் போதவில்லை, மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது.

அடி விழாத உடம்பு பெருக்கும். வழும்பு வாரத்துக்கு வாரம் பெருத்தது. பெஞ்சு தாங்காமல் கல் பெஞ்சு போட்டார்கள். கோபுரத்துச் சாரலில் நனைந்த சாக்கு நாறுகிற வாடை வந்தது. மூட்டை ஷெட்டில் ஒவ்வொருவராக இருமினார்கள், பிறகு காய்ச்சல் என்று படுத்தார்கள்.

பேச்சிக்கனி ஒரு புதன்கிழமை, யாரும் சொல்லாமலே போய்த் தண்ணீர் எடுத்துப் பட்டை வைத்துப் பார்த்தாள். புள்ளி இல்லை; புள்ளி வைக்க இடம் இல்லாமல் பட்டை முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஜி.எம். மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

“என்னம்மா இது, வெத்தலை போட்டுத் துப்பினாப்ல?”

“நம்ம தண்ணி சார். புதன்கிழமை எடுத்தது.”

“அதான பாத்தேன். இது புதன்கிழமைத் தண்ணி. நம்ம விதிப்படி வெள்ளிக்கிழமைத் தண்ணிதான் தண்ணி.”

“வெள்ளிக்கிழமை அது கேன்டீன்ல இருக்கு சார். தொட்டியில இருக்கும்போதுதான மருந்து ஊத்தணும்? சங்கு ஊதாம, வேற நாளு, வேற மருந்து. ஸ்டோர்ல ரெண்டு டிரம் பிரிக்காமலே கெடக்கு.”

தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவரு வெளிய வந்து உக்காருறாருன்னா, தண்ணி சுத்தமா இருக்குன்னுதான அர்த்தம்? ஆடிட்காரன் வந்து பூஜ்யம்னு எழுதிட்டுப் போயிருக்கான். நீங்களும்தான கையெழுத்துப் போட்டிருக்கீய?”

அவள் பட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆவணியில் ஷெட்டில் வேலை பார்த்த மகாலிங்கம் செத்துப்போனார். இருமல், காய்ச்சல், எட்டாம் நாள் மூச்சு நின்றது. செத்தது வியாழக்கிழமை காலை. அன்றைக்கே எடுத்திருக்கலாம், வெள்ளிக்கிழமை வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள், வழும்பர் ஐயா வரமுடியும் என்பதற்காக. அவரும் வந்தார். தெருவெல்லாம் ஈரம் பண்ணிக்கொண்டு வந்து, சடலத்தின் தலைமாட்டில் நின்று, தலையை ஆட்டினார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். “இம்புட்டு வேலைக்கு நடுவுல வந்திருக்காவளே, பெரிய மனசு,” என்றார் இன்னாசி. கொன்றவனுக்கு நாற்காலி போட்டுக் கலர் சோடா வாங்கிக் கொடுக்கிற ஊர் என்று பேச்சிக்கனி நினைத்தாள். நினைத்துக்கொண்டு, கலர் பாட்டிலை அவளிடமே நீட்டி ஐயாவுக்குக் கொடுக்கச் சொன்னபோது, வாங்கிக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் சித்திரைவேல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். அவளுடைய புருஷன், மூட்டை ஷெட்டில் தையல் மிஷின் பார்க்கிறவன். தொட்டுப் பார்த்தாள், அடுப்பு மாதிரி இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். நாலு நாள் கழித்து டாக்டரம்மா அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். “ஒரே ஷெட்டுலேருந்து இவர் ஆறாவது ஆள். தண்ணிச் சாரல் ஏதாவது இவங்க மேல படுதா?”

“படுது.”

“இந்தத் தடவை பிழைச்சிருவாரு. மறுபடியும் அதே காத்தைச் சுவாசிச்சாருன்னா எங்கிட்டக் கொண்டு வராதீங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

உள்ளே போனாள். சித்திரைவேல் குழாய்க்குள்ளிருந்து கண்ணைத் திறந்து, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்: “வெள்ளிக்கிழமை… ஐயாவப் பாத்தா… நான் விசாரிச்சேன்னு சொல்லு. எனக்கு சூப்பர்வைசர் வேலை… ஆகும்னு… தலையாட்டியிருக்காரு.”

அவனைப் பார்த்து அவளுக்கு வந்தது அழுகையா, அருவருப்பா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. போர்வையை இழுத்து மூடிவிட்டு, “சொல்லுதேன்,” என்றாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் இன்னாசியிடம் போய் இரண்டு ஆள் கேட்டாள், டிரம் உருட்ட. “சங்கத்து உறுப்பினரைக் கொல்லுறதுக்கு சங்கத்து ஆளே வரணுமா? என்ன பேச்சு பேசுதீய மேடம்?” என்றார். மகாலிங்கமும் உறுப்பினர்தானே என்றாள். “அவரு சந்தா பாக்கி,” என்றார் இன்னாசி, கொஞ்சமும் கூசாமல்.

புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன நேரம், வெயில் உச்சியில் இருந்தபோது, பேச்சிக்கனி இரண்டு டிரம்மையும் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். சங்கு இல்லாததால் கோபுரத்தை நாலு பக்கமும் சுற்றி வந்து ஆள் இல்லை என்று பார்த்து, கயிறு கட்டினாள். சாரல் பறக்காமல் இருக்க விசிறிகளை நிறுத்தினாள். முகமூடி, கையுறை. தேங்காய் இல்லை, சந்தனம் இல்லை. பொட்டில்லாத டிரம்மைப் பார்க்க அவளுக்கே என்னவோபோல இருந்தது, அதற்காகத் தன்மேல் எரிச்சலும் வந்தது. முதலில் போர்வையைக் கரைக்கிற சரக்கை விட்டாள்.

தொட்டியின் நடுவில் வழும்பு மெல்ல எழுந்தது. இடுப்பு வரைக்கும்தான் எழ முடிந்தது, அவ்வளவு கனம். தூக்கத்தில் எழுப்பின பெரிய மனுஷன் மாதிரி அவளைப் பார்த்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று அதற்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

“ஆறு பேரு படுத்திருக்காங்க. ஒருத்தர் போயிட்டாரு,” என்றாள் பேச்சிக்கனி.

தலையாட்டியது.

“நீ இருக்கக் கூடாது.”

அதற்கும் ஆட்டியது.

“நியாயம்தான?”

ஆட்டியது. இத்தனை மாசம் ஊர் முழுக்க எதை நியாயத் தீர்ப்பு என்று கும்பிட்டார்களோ அது இவ்வளவுதான். தன் சாவுக்கும் அதே ஆட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, முகமூடிக்குள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இரண்டாவது டிரம்மின் வால்வைத் திறந்தாள்.

உரித்த வெங்காயம்போல அது அடுக்கு அடுக்காகக் கழன்றது. மேலே இந்த வருஷத்து அடுக்கு, அதற்கடியில் போன வருஷத்து அடுக்கு, இப்படியே பத்தொன்பது வருஷத்துப் பூஜ்யங்களும் ஒவ்வொன்றாக உரிந்து, சாம்பல் நிறத்தில் மிதந்து, பம்பு வாயில் போய் அடைத்துக்கொண்டன. மூன்று மணிக்கு ஆலை நின்றது. அவள் வலைக்கூடையை எடுத்து அள்ளி அள்ளித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது எல்லோரும் ஓடி வந்தார்கள். யாரும் ஏன் கொன்றாய் என்று கேட்கவில்லை. ஜி.எம். கேட்டார், இன்னாசி கேட்டார், பிரமநாயகம் கேட்டார், காலனி மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் கேட்டார்கள்: “புதன்கிழமையில ஏன் ஊத்துன?”

மூன்று நாள் ஆலை ஓடவில்லை. நாலாம் நாள் ஓடியபோது, சுத்தமான குழாய்களில் சூடு சரசரவென்று இறங்கி, பாகு முன்னைவிட அதிகமாக வந்தது. தலைமை ஆபீஸிலிருந்து பாராட்டு வந்தது, தனுஷ்கோடி பேருக்கு. அதனால் பேச்சிக்கனியை வேலையை விட்டு எடுக்கவும் முடியவில்லை. எடுத்தால் பாராட்டு எதற்கு என்று கேள்வி வரும். ஷெட்டில் புதிதாக யாரும் படுக்கவில்லை. சித்திரைவேல் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்ன முதல் வார்த்தை: “வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம்லா?”

பதினாறாம் நாள் கோபுரத்தடியில் விசேஷம் வைத்தார்கள். வழும்பருக்குப் படம் ஒன்றும் இல்லாததால், வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் ஒன்றை எடுத்துச் சட்டம் போட்டு மாலை போட்டிருந்தார்கள். பூஜ்யம், அதற்குக் கீழே பேச்சிக்கனியின் கையெழுத்து, கையெழுத்தின் மேல் ரோஜாப்பூ. இன்னாசி பேசினார்: “நம்ம சொன்னதைக் காது குடுத்துக் கேட்ட ஒரே ஆளு.” ஜி.எம். பேசினார்: “நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் பாலமா இருந்தவரு.” பிரமநாயகம் பேச முடியாமல் பீங்கான் கோப்பையைத் தூக்கிக் காட்டினார், சிலர் அழுதார்கள். மகாலிங்கத்தின் பெயரை யாரும் எடுக்கவில்லை. அவருடைய பெண்சாதி கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டு, கூட்டம் முடியும் முன்னே, முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் ஜி.எம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சிக்கனியைப் பார்த்தார். “நடந்தது நடந்துபோச்சு. இனிமே மருந்து எந்தெந்தத் தேதின்னு ஒரு அட்டவணை போட்டுக் குடுத்திருங்க மேடம். பூசைக்கு ஏற்பாடு பண்ணணும்ல?”

“கயிறு கட்டிருவேன், ஆளை விலக்கிருவேன். தேதி முன்கூட்டிச் சொல்ல மாட்டேன் சார்.”

“அதெப்படி? எனக்குக்கூடவா?”

“உங்களுக்குந்தான்.”

“என்ன மருந்துன்னாவது?”

“அதையும் சொல்ல மாட்டேன்.”

ஒரு கூட்டமே வாயைத் திறந்துகொண்டு நின்றது. இத்தனை மாசத்தில் மாட்டேன் என்கிற வார்த்தையை அவர்கள் காது கேட்டுப் பழகவில்லை. திமிர் என்றது ஒரு குரல். படிச்ச திமிர் என்று திருத்தியது இன்னொன்று. தனுஷ்கோடி கடிகாரத்தைப் பார்த்து ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தவர்போல நடந்தார். அவர் பின்னால் ஆபீஸ்காரர்கள் போனார்கள். இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிரமநாயகம் மிஞ்சின சுண்டலை எடுத்துக்கொண்டு போனார். காலனிப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, தொட்டால் ஒட்டும் என்பதுபோலச் சேலையை ஒதுக்கிக்கொண்டு போனார்கள்.

சித்திரைவேல் மட்டும் நின்றான்.

“எங்கிட்ட மட்டும் சொல்லு, பேச்சி. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மெலிந்திருந்தான், சட்டை தொளதொளவென்று தொங்கியது. “மாட்டேன்,” என்றாள்.

“கட்டின புருசன் கேக்கேன்!”

“அதான் சொல்ல மாட்டேங்கேன்.”

அவன் காறித் துப்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, செருப்பைத் தரையில் அடித்து, மேட்டுப் பாதையில் விடுவிடுவென்று ஏறினான். போன மாசம் பத்து அடிக்கு ஒரு தரம் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்ட மேடு அது. பேச்சிக்கனி அசையாமல் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். வேப்பமரம் தாண்டினான், இருமவில்லை. தண்ணீர் லாரி நிற்கிற இடம் தாண்டினான், இருமவில்லை. மேட்டு உச்சியில் நின்று, திரும்பி, அவளைப் பார்த்து என்னவோ திட்டினான். அத்தனை தூரத்திலும் வார்த்தைக்கு வார்த்தை கேட்டது, நடுவில் ஒரு இடத்திலும் மூச்சு முட்டவில்லை. பிறகு கேட்டுக்கு வெளியே போய் மறைந்தான்.

அவளும் பையிலிருந்த முகமூடியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, லேப் பக்கம் நடந்து போனாளாம்.